அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம், "மொத்தத்தையும் அழிச்சிரவாம்மா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. உன் அப்பா போன பிறகு, நீ சிங்கப்பூரிலும் நான் இராஜபாளையத்திலும் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பெயராகத் தேடித் தேடி இணையத்தில் ஏற்றிய குடும்ப மரம் அது. அதை அழிக்கட்டுமா என்று நீயே கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் எழுதுகிறேன். படித்து முடித்ததும் இதை நம் குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போடு. சாவுச் செய்தி வந்ததும் ஒரு நிமிடம் தாமதிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர்களில் முதல் ஆள் நான்.

இதில் யாருடைய பெயரும் இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறந்துபோன என் சித்தி மகளை "உன் சித்தி" என்றுதான் எழுதுவேன். அவளுடைய மகன் "பெரியவன்", மகள் "சின்னவள்". குழுவில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரியும். ஆனால் குழுவிலிருந்து இது எங்கெங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. அதை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நீ சிறுவனாக இருந்தபோதே பார்த்திருக்கிறாய். நம் சபையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் குருவானவர் வீட்டுக்கு ஆள் போகும், அடுத்து நம் வீட்டுக்கு வரும். வருகிறவர் கையில், சுவரில் ஒட்டும் சாவு அறிவிப்பை அவசரமாகக் கிறுக்கிய தாள் ஒன்று இருக்கும். அச்சகத்துக்குப் போவதற்கு முன் நான் அதைப் பார்த்துத் தரவேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவேன். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பதில் எழுத்து மாறியிருக்கும். மூத்த மருமகன் இளையவருக்குக் கீழே போயிருப்பார். அழுத முகத்தோடு நிற்பவர்களைக்கூட நான் விட்டதில்லை. "உங்க தாத்தா பேரு என்ன? அப்பா பொறந்த வருஷம் நிச்சயமாத் தெரியுமா, குத்துமதிப்பா?" என்று கேட்டு வாங்கித்தான் எழுதுவேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் ஒரு சொல் தவறினால் ஒரு பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வைப்பார். அந்தக் கண்டிப்பு எனக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. எனக்கு முன்னால் வந்த எந்தத் தாளும் வந்தபடியே திரும்பிப் போனதில்லை. பார்த்துக் கொடுத்த ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரு பிரதி வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். நம் குடும்ப மரம் அந்த டின்னிலிருந்துதான் முளைத்தது.

நம் பக்கத்து அறிவிப்புகளில் துக்கப்படுகிறவர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு ஊரும் வேலையும் எழுதுவார்கள். "மில் மேலாளர், ஓய்வு" என்றும் "ரயில்வே, மதுரை" என்றும் இருக்கும். ஆனால் அதெல்லாம் ஆண்களுக்குத்தான். மகள்கள் பெயர் வெறுமனே தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான்தான் மாற்றினேன். டீச்சர் என்றால் டீச்சர், நர்ஸ் என்றால் நர்ஸ், தறியில் வேலை என்றால் அதையும் போடு என்று சண்டை பிடித்துப் போட வைத்தேன். இன்று நம் சபையில் அது வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

பெயர் விடுபடுவதில் எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம் என்று நீ ஒருமுறை கேட்டாய். அன்று மழுப்பினேன். இன்று சொல்கிறேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அவள் தன் விருப்பப்படி வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் அப்பா இறந்தபோது, அறிவிப்பில் பிள்ளைகள் வரிசையில் அவள் பெயரை அண்ணன் சேர்க்கவில்லை. அவளுக்கு யாரோ சொல்லி, வந்தாள். சபைக் கோயிலின் கடைசி வரிசையில் கதவோரமாக நின்றாள். ஆராதனை முடிந்து எல்லோரும் கல்லறைக்கு நடந்தபோது, வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன் நின்று, மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தாள். நான் அவளுக்குப் பத்தடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் கல்லறைக்கு வரவில்லை. அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாள். என் கைக்கு வருகிற எந்த அறிவிப்பிலும் பெற்ற பிள்ளையின் பெயர் விடுபடாது என்று அன்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு, ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அதற்கு அவமானம் தவிர வேறு காரணம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்கு எச்சரிக்கையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். உன் அப்பாவின் அறிவிப்பை நானே எழுதினேன். பிறந்த தேதி, படிப்பு, மில்லில் வகித்த பதவி, உன் பெயர், உன் கம்பெனி, வீட்டு முகவரி என எதையும் விடவில்லை. அடக்கத்துக்கு முன்பே அதை நீ இணையத்தில் ஏற்றினாய். சில நாளில் ஒருவன் போன் செய்தான். "மேடம், உங்க ஹஸ்பண்ட் பாலிசி விஷயமா பேசணும்" என்று தொடங்கி, அப்பா பிறந்த தேதி முதல் உன் கம்பெனி வரை மனப்பாடமாக ஒப்பித்தான். "இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?" என்றேன். "சிஸ்டத்துல இருக்கு மேடம்" என்றான். "மொதல்ல ஒரு வாக்கியத்தை ஒழுங்கா முடிக்கக் கத்துக்கோ. பொறவு ஏமாத்த வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை ஒரு வீரக்கதையாக எல்லோரிடமும் சொன்னேன். நீயும் சிரித்தாய். அவன் சொன்ன சிஸ்டத்தில் அதையெல்லாம் எழுதி வைத்தவள் நான்தானே என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

இனிச் சின்னவளைப் பற்றிச் சொல்கிறேன். உன் சித்தி இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவளை இங்கே, இராஜபாளையத்தில், மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. மெலிந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி பெயர் போட்ட அட்டை தொங்கியது.

"ஏட்டி, நீயா? இங்க எங்க?"

"இங்கனதான் பெரியம்மா. பேண்டேஜ் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். பிள்ளையையும் இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்."

"மாப்பிள்ளை?"

"அங்க நான் போறதில்ல பெரியம்மா." குரலைத் தாழ்த்தி, "என்னைப் பாத்ததா யார்ட்டயும் சொல்லிக்கிட வேண்டாம்" என்றாள்.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? யார் கையையும் எதிர்பாக்காம உழைச்சுச் சாப்பிடுதே. தலை நிமிந்து நட."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்துச் சேலை மடிப்புக்குள் சொருகிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மகனே, வார்த்தைகளைப் படிக்கத் தெரியும் என்று நான் வாழ்நாள் முழுவதும் மார்தட்டியவள். என் எதிரே நின்ற ஒரு பெண்ணின் பயத்தை வெட்கம் என்று படித்துவிட்டேன்.

உன் சித்தி இறந்த அன்று பெரியவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டியில் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பெரியம்மா, அச்சாபீஸ்ல ஆள் காத்துக்கிட்டு இருக்கான். செத்த சீக்கிரம் பாத்துக் குடுங்க" என்றான். நான் படித்தேன். பிள்ளைகள் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

"தங்கச்சி பேரு எங்கடா?"

"அது வேண்டாம் பெரியம்மா."

"வேண்டாமா? அவ என்ன தவிட்டுக்கு வாங்குன பிள்ளையா?"

"அதுக்கில்ல."

"பொறவு எதுக்கு? புருஷன் வீட்ட விட்டு வந்துட்டாங்கிறதுக்காகப் பெத்த தாய்க்கு அவ மக இல்லேன்னு ஆயிருமா? ஒங்க அம்மா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாளா?"

அவன் தரையைப் பார்த்தான். "நீங்க எழுத்த மட்டும் பாருங்க பெரியம்மா. வீட்டு விஷயம் வேற" என்றான்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. எழுத்தை மட்டும் பார்க்க நான் என்ன அச்சகத்துக் கூலியா? தாளைத் திருத்திக் கொடுத்தேன். அவன் கேட்டபடியே, சின்னவள் பெயர் இல்லாமல். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் மேசைக்கு வந்து உட்கார்ந்து, வேறொரு அறிவிப்பை எழுதினேன். நம் குடும்ப மரத்துக்கென்று. அதில் இரண்டாவது பிள்ளையாக அவள் பெயர். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி. குறிக்குள் இராஜபாளையம், கம்பெனியின் பெயர், சூப்பர்வைசர் என்ற அவளுடைய வேலை. எழுதி முடித்தபோது, கோயில் வாசலில் நின்று இரண்டு முறை படித்த என் அக்காவுக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

அதை உனக்கு அனுப்பினேன். நீ உடனே கூப்பிட்டாய். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, இவங்க உயிரோட இருக்கிறவங்க. ஊரு, வேலையெல்லாம் பொதுவுல போட வேண்டாம். போஸ்டர்லயே பேரு இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. கொஞ்ச நாள் போகட்டுமே" என்றாய்.

"நாள் போனா யாரு ஞாபகம் வச்சிருப்பா? நீ போடுதியா, இல்ல நான் வேற ஆளப் பாக்கட்டா?"

நீ போட்டாய். குழுவிலும் போட்டாய். இப்போது, "நான்தானேம்மா போட்டேன், தப்பு என் மேலதான்" என்கிறாய். நல்ல பிள்ளையாக இருப்பதற்காகப் பொய் சொல்லாதே. உன் கை போட்டது, என் பிடிவாதம் போட வைத்தது. அன்று சாயங்காலம் குழுவில் ஒன்றன்பின் ஒன்றாக இரங்கல் வந்து விழுந்தது. "அக்கா எழுதினா ஒரு எழுத்துகூடத் தப்பாது" என்று ஒருவர் பாராட்டியிருந்தார். சாவு வீட்டுக்குப் போகச் சேலை மாற்றிக்கொண்டிருந்த நான் அதை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

அடக்கத்தன்று சின்னவள் வந்திருந்தாள். கூடத்தில் தாயின் பக்கத்தில் அவள் இல்லை. பின்வாசல் வழியாக வந்து, அடுப்படியில், அண்டாவுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் நிலைப்படி வழியாகத் தாயின் கால்மாடு மட்டும் தெரியும். அவளும் அவள் அண்ணனும் பேசி வைத்து, யார் கண்ணிலும் அதிகம் படாமல், ஒரு போட்டோவிலும் விழாமல், அவள் அழுதுவிட்டுப் போக அந்த மூலையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. "இங்க என்னட்டி மூலைல உக்காந்திருக்கே? எந்திரி" என்று அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். "வேண்டாம் பெரியம்மா, நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். கை சில்லென்று இருந்தது. நான் விடவில்லை. கோயிலில் முதல் வரிசையில், என் பக்கத்தில், எல்லோரும் பார்க்க உட்கார வைத்தேன். ஆராதனை முடியும்வரை அவள் தலை நிமிரவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, துக்கம் விசாரிக்க மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நான் எழுதிய முழு அறிவிப்பை நல்ல தாளில் அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பெரியவனின் மனைவி வாசலில் நின்றாள். "வாங்க அத்தை" என்றாள். உள்ளே வரச் சொல்லி வழிவிடவில்லை.

"அவுக உள்ளதான் இருக்காக. இன்னைக்கு அவுககிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க."

"ஏன், என்ன?"

"இவ புருஷன் வந்துட்டான் அத்தை. இவ வேலைக்குத் திரும்பிப் போன அன்னைக்கே கம்பெனி வாசல்ல வந்து நின்னுருக்கான். எம்புட்டு நாளா அவன் கண்ணுல படாம இருந்தா தெரியுமா? அவன் அடிச்ச அடில அவளுக்கு ஒரு காது இன்னும் சரியாக் கேக்காது. ஒங்களுக்கு அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"வாட்ச்மேன்கிட்ட அவன் போனைத் தூக்கிக் காட்டிருக்கான். அதுல நீங்க எழுதுனது. பேரு, ஊரு, கம்பெனி, வேலை. எல்லாம் சரியா இருந்துச்சு அத்தை. ஒரு தப்பு இல்ல."

கூட வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் அவளை நடுவில் விட்டுச் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாகத் துணிப் பொதி ஏற்றும் வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவள் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டாள். வாடகை வீட்டில் பாத்திரங்கள் கிடந்தன. அவள் தாய் தைத்துக் கொடுத்த போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் போய் எடுத்துவந்தது பெரியவன்தான். தாயின் கல்லறையில் கல் நாட்டி ஜெபம் செய்த அன்றும் அவள் வரவில்லை. வரமுடியாது. அவன் அங்கே வந்து நிற்பான் என்று எல்லோருக்கும் தெரியும். நின்றான். மதிலுக்கு வெளியே, தன் வண்டியில் சாய்ந்துகொண்டு. என் அக்காவைக் கல்லறைக்குப் போகவிடாமல் செய்தது ஒரு பெயரை விட்டது. இவளைப் போகவிடாமல் செய்தது ஒரு பெயரைப் போட்டது. அதைப் போட்டவள் நான்.

நான் துக்கம் விசாரிக்கப் போன அன்று, பெரியவன் கடைசியில் வெளியே வந்தான். "நீ ஏன்டா அன்னைக்கே காரணத்தைச் சொல்லல?" என்று கேட்டேன். அப்போதும் நான் குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்திருக்கிறேன். அவன் சத்தம் போடவில்லை. "அம்மாவ வீட்டுல கெடத்திப் போட்டுட்டு வந்தேன் பெரியம்மா. விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னாலும் நீங்க அவன் பக்கத்து நியாயத்தையும் விசாரிச்சு, ரெண்டையும் சரிபாக்கக் கெளம்பிருவீக" என்றான். சட்டம் போட்ட அறிவிப்பைக் காகிதம் பிரிக்காமலே திருப்பி எடுத்து வந்தேன். பஸ்ஸில் அது மடியில் கனத்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லி அந்த அறிவிப்பை இணையத்திலிருந்தும் குழுவிலிருந்தும் எடுக்க வைத்தேன். எடுத்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டு, போனிலிருந்து அழிக்கும்படி கெஞ்சினேன். நான் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை, உனக்கும் புதுமையாக இருந்திருக்கும். கான்சாபுரத்து உன் மாமா விடுவாரா? "ஒரு பேரையும் விடக்கூடாதும்பீகளே அக்கா! இப்ப நீங்களே அழிக்கச் சொல்லுதீக. நான் உங்ககிட்டத்தான் கத்துக்கிட்டேன், எதையும் அழிக்கிறதில்ல" என்றார். சிரிப்பு வேறு. "அந்தப் பிள்ளைக்காகக் கேக்கேன்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அழிச்சிட்டேன்" என்று மறுநாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். சின்னவளின் கணவனுடைய உறவில் ஒருவருக்கு அதை அனுப்பியது யார் என்பதும் தெரிந்தது. நம்மில் மூத்த ஒரு பெண்மணி. "சம்பந்தி வீடாச்சே, அவுகளும் இரங்கல் சொல்லட்டுமேன்னு அனுப்புனேன் தாயி. தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை என்று சொன்னேன். சம்பந்தி வீட்டுக்குச் சாவு சொல்லுவது நம் வழக்கம்தானே. அவர் செய்தது மரியாதை. அந்த மரியாதைக்குள் நான் என்ன வைத்திருந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் இத்தனை வருடம் சுவரொட்டிகளை இளக்காரமாகப் பார்த்திருக்கிறேன். மலைப்பக்கம், செண்பகத்தோப்பில் மழை இறங்கினால் மறுநாள் ஊருக்குள் பாதி சுவரொட்டி தொங்கும், மீதியை ஆடு தின்னும். மனிதர் வாழ்ந்த வாழ்க்கைக்கு இவ்வளவுதானா மதிப்பு என்று நினைத்துத்தான் டின்னில் சேர்த்தேன், அப்புறம் உன்னிடம் கொடுத்து என்றைக்கும் அழியாதபடி ஏற்ற வைத்தேன். இப்போது நினைத்தால், அந்தச் சுவர் எங்கும் நடந்து போனதில்லை. அதைப் படித்தவர்கள் அந்தத் தெருவில் போகிறவர்கள். துக்க வீட்டைப் பற்றி எதைச் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்று தெரிந்தவர்கள். மழை வந்து கிழித்துப் போட்டது இரக்கம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

செத்தவர்களுக்கு அறிவிப்பால் ஒன்றும் ஆவதில்லை மகனே. அந்தத் தாளில் மேலே இருப்பது ஒரே ஒரு செத்தவர். கீழே இருப்பவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். அவர்களிடம் நாம் ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தெருவில் எந்த வீடு எப்போது பூட்டியிருக்கும், எந்தக் கிழவி இனித் தனியாக இருப்பாள், எந்தப் பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று அந்தத் தாள் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. அதுவும் அவர்கள் அழுதுகொண்டிருக்கிற, எதையும் கவனிக்க முடியாத நேரத்தில். நம் ஆராய்ச்சிக்கு அவசரம் என்ன? நூறு வருடத்துக் கதையைத் தேடுகிறவர்களுக்குச் சில வருடம் பொறுக்க முடியாதா? இது நீ அன்று கேட்ட கேள்விதான். நான் இப்போதுதான் பதில் தேடுகிறேன்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில். மொத்தத்தையும் அழிக்காதே. என் அக்காவின் பெயர் வேறு எங்கும் இல்லை, அதில்தான் இருக்கிறது. இறந்து வெகுகாலம் ஆனவர்கள் இருக்கட்டும். அண்மையில் போனவர்களின் அறிவிப்புகளை எடுத்துவிடு, உன் அப்பாவுடையது உட்பட. உயிரோடு இருப்பவர்கள் யாரும் அதில் வேண்டாம், அவர்களே வந்து கேட்டால் தவிர. உன் சித்தியின் பெயருக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருக்கும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள். விடுபட்டுவிட்டது என்று சொல்லிவிடு. என் வேலையில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று உலகம் நினைத்தால் நினைக்கட்டும்.

போன மாதம் பெரியவன் வந்தான். அதற்குப் பிறகு முதல் தடவையாக. காபி கொடுத்தேன், குடிக்காமல் வைத்திருந்தான்.

"அம்மா அறிவிப்பு ஒண்ணு வேணும் பெரியம்மா."

"போஸ்டர் வீட்டுல இல்லையா?"

"இருக்கு. அது இல்ல. அவ பேரு போட்டது."

யாருக்கு, எங்கே என்று கேட்க என் நாக்கு நுனிவரை வந்தது. முழு வாழ்நாளும் கேட்டே பழகிய நாக்கு. அடக்கிக்கொண்டேன். அந்த அறிவிப்பை எல்லா இடத்திலும் அழித்துவிட்டதால் அச்சில் ஒன்றும் இல்லை. சட்டம் போட்டதையும் நான் எரித்திருந்தேன். எனவே நல்ல தாள் எடுத்து, கையால் எழுதினேன். எழுத்து முன்போல வரவில்லை. உன் சித்தி பிறந்த ஊர், இறந்த நாள், "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". பிள்ளைகள் என்ற இடத்தில் முதலில் அவன் பெயர், அடுத்து அவள் பெயர். பெயரை எழுதி முடித்ததும் பேனா தானாக அடைப்புக்குறிக்குப் போயிற்று. எடுத்துவிட்டேன். ஊர் இல்லை, வேலை இல்லை. வெறுமனே தொங்குகிற ஒரு பெண்ணின் பெயர். எந்தத் தாளிலும் நான் அனுமதிக்காத ஒன்று.

அவன் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"இல்ல பெரியம்மா" என்றான். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கடிதத்தையும் அவனிடம் காட்டிவிட்டுத்தான் உனக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு இரண்டு இடங்களில் அடிக்கச் சொன்னான். ஏன் என்று கேட்காமல் அடித்துவிட்டேன். என் எழுத்தில் இன்னொருவர் கைவைத்தது இதுதான் முதல் தடவை.

கடைசியாக ஒன்று. என் அறிவிப்பை நீதான் எழுதவேண்டும். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும், திருத்த நான் இருக்கமாட்டேன். என் பெயர், என் ஊர், அடக்க ஆராதனையின் நேரம் போதும். தெருவில் ஒட்டு, இணையத்தில் ஏற்றாதே, மழை பார்த்துக்கொள்ளும். சின்னவளுக்கு யார் மூலமாகச் சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியும். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒருவேளை வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து அடுப்படியில் உட்கார்ந்தால், அவளை அங்கேயே இருக்க விடு.

அம்மா